லாரிக்கு ஊற்றும் ‘யூரியா’: கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாமக்கல் மாவட்டத்தில் அறிவியல் நடத்தும் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. வகுப்பில் ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் லாரியோடு ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். அப்பா ஓட்டுநர், மாமா பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், சித்தப்பா டேங்கர் வைத்திருக்கிறார், தாத்தா லாரி விற்று ரிக் வாங்கினார் என்று ஏதோ ஒன்று. அதனால் பத்தாம் வகுப்பில் ‘கரைசல்கள்’ பாடத்துக்கு வரும்போது உப்புக் கரைசல், சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றோடு இன்னொரு கரைசலையும் நான் மேசைமேல் வைத்துவிடுவேன். அது லாரியின் நீல மூடித் தொட்டியில் ஊற்றும் திரவம். டீசல் வெளியேற்றத் திரவம் என்று சொன்னால் ஒரு மாணவனுக்கும் தெரியாது. ‘டெஃப்’, ‘ஆட்புளூ’ என்றால் சிலருக்குத் தெரியும். ‘வண்டிக்கு ஊத்துற யூரியா’ என்றால் வகுப்பே கை தூக்கும்.

இந்தத் திரவத்தை வைத்து நிறை சதவீதம், அடர்த்தி, ஒளிவிலகல், வினைவேகம் என்று நான்கு பாடங்களைத் தொட முடியும். நான் இதை விரும்புவதற்கு அது முதல் காரணமன்று. ‘இந்தக் கேன் நல்லதா, கெட்டதா?’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு சோதனையால் விடை சொல்ல முடியாது என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் இடம் இது. பாடநூலில் ஒவ்வொரு கருவியும் தனித்தனிப் பாடத்தில் வருவதால், ஒரு கருவி எதைச் சொல்லாது என்பதை நாம் நடத்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

முதலில் திரவத்தைப் பற்றி. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு உட்பட வேண்டும். பி.எஸ். 4 இலிருந்து 5 ஐத் தாண்டி நேரடியாக 6 க்குப் போனோம். டீசல் இன்ஜினுக்குள் வெப்பநிலை மிக அதிகம். அந்த வெப்பத்தில் காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. மூச்சுக்குழாயைப் பாதிப்பதும், அமில மழைக்கும் தரைமட்ட ஓசோனுக்கும் காரணமாவதும் இவைதாம். இவற்றைக் குறைக்கத்தான் புகைக்குழாயில் இந்தத் திரவம் தெளிக்கப்படுகிறது. சூடான புகையில் யூரியா சிதைந்து, நீருடன் வினைபுரிந்து அம்மோனியாவும் கார்பன் டைஆக்சைடும் உண்டாகின்றன. அந்த அம்மோனியா வினைவேகமாற்றியின் பரப்பில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிகிறது. வெளியே வருவது நைட்ரஜனும் நீராவியும். 100 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் செலவாகும் என்பது ஓட்டுநர்களின் பொதுவான கணக்கு. வண்டிக்கும் பாரத்துக்கும் ஏற்ப இது மாறும்.

திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மீதி அயனி நீக்கிய நீர். ஏன் 32.5? 30 என்றோ 35 என்றோ முழு எண்ணாக வைத்திருக்கலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. யூரியா–நீர்க் கலவையின் உறைநிலை மிகக் குறைவாக இருக்கும் விகிதம் இது. சுமார் மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும். கூட்டினாலும் குறைத்தாலும் அதற்கு முன்னதாகவே உறையத் தொடங்கிவிடும். நாமக்கல்லில் இது தேவைப்படாது. ஆனால் இங்கிருந்து காஷ்மீருக்குப் போகும் வண்டிக்குத் தேவைப்படும். உறைந்தாலும் திரவம் கெடுவதில்லை, உருகியபின் பயன்படுத்தலாம். அதைக் கெடுப்பது வெயில்தான்.

கெட்ட திரவம் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாணவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவர்கள்தாம் எனக்குச் சொன்னார்கள். ஒரு மாணவனின் தந்தை வெளிமாநிலத்தில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் கேன் வாங்கி ஊற்றியிருக்கிறார். சிறிது தூரம் போனதும் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. பிறகு ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. சரக்கு இரண்டு நாள் தாமதம். புகைக்குழாய்க்குப் பின்னால் உள்ள உணரி நைட்ரஜன் ஆக்சைடு குறையவில்லை என்று கண்டால் இன்ஜினின் சக்தியைக் கணினியே குறைத்துவிடும். அப்படியும் சரிசெய்யாவிட்டால் வண்டி ஊர்ந்துதான் போகும். வினைவேகமாற்றி நிரந்தரமாகக் கெட்டுவிட்டால் செலவு லட்சத்தில் போய் நிற்கும். ஒற்றை லாரி வைத்துத் தவணை கட்டும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையில்லை. எனவே ‘கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்பது எங்கள் வகுப்பில் தேர்வுக்கான கேள்வியாக மட்டும் இருப்பதில்லை.

மூக்கும் கண்ணும்

குழுக்களாகப் பிரித்துத் திரவத்தைக் கொடுத்ததும் மாணவர்கள் முதலில் செய்வது முகர்ந்து பார்ப்பதுதான். கையால் விசிறி முகர வேண்டும், மூக்கை நேராகக் கொண்டுபோகக் கூடாது என்பதை இங்கேயே பழக்கிவிடலாம். சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பதையும்.

நல்ல திரவம் நிறமற்றது, தண்ணீர்போலத் தெளிவானது. இலேசான அம்மோனியா வாடை இருக்கலாம், அது குறையன்று. கேனைத் திறந்ததும் கண் எரிகிற அளவுக்கு நெடி அடித்தால் யூரியாவின் ஒரு பகுதி ஏற்கெனவே சிதைந்து அம்மோனியாவாகிவிட்டது என்று பொருள். ஆனால் ‘இலேசு’, ‘கடுமை’ என்பவை ஆளுக்கு ஆள் மாறும். மூக்கு சீக்கிரம் பழகியும் போய்விடும். ஒரே திரவத்தை ஐந்து குழுக்களிடம் கொடுத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள், வித்தியாசம் தெரியும்.

லிட்மஸ் தாளும் இங்கே உதவாது. புதிய திரவமே காரத்தன்மை உடையது, பி.எச். மதிப்பு 9 க்கு மேல். சிவப்பு லிட்மஸ் புதியதிலும் நீலமாகும், பழையதிலும் நீலமாகும். ‘மாற்றம் தெரிகிறது, ஆனால் வேறுபடுத்தவில்லை’ என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் இருந்தால் பலரும் திரவம் கெட்டுவிட்டது என்கிறார்கள். அது கசிந்த துளி காய்ந்து நின்ற யூரியா. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ஆனால் மூடிய கேனின் அடியில் ஏதாவது படிந்திருந்தால் யோசிக்க வேண்டும். இந்த இடத்தில் கரைதிறன் கணக்கைக் கொண்டுவாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் 100 கிராமுக்கும் மேல் யூரியா கரையும். நம் திரவத்திலோ 67.5 கிராம் நீருக்கு 32.5 கிராம், அதாவது 100 கிராம் நீருக்குச் சுமார் 48 கிராம் யூரியாதான் இருக்கிறது. தெவிட்டிய நிலைக்கு வெகு தூரத்தில் உள்ள கரைசல். நம் ஊர் வெப்பநிலையில் மூடிய கேனுக்குள் யூரியா தானாகப் பிரிந்து அடியில் படிய வழியில்லை. அப்படியானால் அடியில் இருப்பது என்ன? வெளியிலிருந்து வந்த தூசியோ அழுக்கோ வேறு பொருளோ. இதைக் கணக்குப் போட்டே மாணவர்கள் சொல்லிவிட்டார்கள்.

தேதியும் வெயிலும்

பொட்டலப் பொருள்கள் எல்லாவற்றிலும் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். கேனிலும் அது இருக்கும். சில நிறுவனங்கள் தொகுதி எண்ணிலேயே ஆண்டையும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்துவிடுகின்றன. 24135 என்று இருந்தால் 2024 ஆம் ஆண்டின் 135 ஆவது நாள். நெட்டாண்டு என்பதால் மே 14. எல்லா நிறுவனங்களும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை, எனவே தெளிவாக அச்சிட்ட தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இருந்தாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டுக் கணக்கு.

தேதி தெரிந்தால் போதுமா? போதாது. இந்தத் திரவத்துக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 22241. அதில் ஆயுள்காலம் வெப்பநிலையோடு சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. 10 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 36 மாதம். 25 டிகிரி வரை 18 மாதம். 30 டிகிரி வரை 12 மாதம். 35 டிகிரி வரை 6 மாதம். 35 க்கு மேல் மாதக் கணக்கே கிடையாது, ஒவ்வொரு தொகுதியையும் பயன்படுத்துமுன் சோதிக்க வேண்டும்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, எதுவும் சொல்லாமல், வரைபடத்தாளைக் கொடுங்கள். வளைகோடு இறங்குவதை அவர்களே பார்ப்பார்கள். 25 இலிருந்து 35 க்கு, வெறும் 10 டிகிரி ஏறியதில் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வெப்பநிலை உயர்ந்தால் வினைவேகம் உயரும் என்று பாடநூலில் ஒரு வரியாகப் படித்ததற்கு இங்கே மாதக் கணக்கு கிடைக்கிறது. யூரியா நீரோடு சேர்ந்து அம்மோனியாவாகச் சிதைவது புகைக்குழாயில் நடக்க வேண்டிய வினை. வெயிலில் வைத்த கேனுக்குள் அதுவே மெதுவாக முன்கூட்டியே நடக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஊரில் நிழலிலேயே 38 டிகிரிக்குப் போகும். தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். இங்கே ஒரு பின்னக் கணக்கு தருவேன். இது தோராயம்தான், தரநூலில் உள்ள விதியன்று என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். 30 டிகிரியில் ஒரு மாதம் என்றால் ஆயுளில் 1/12 செலவு. 35 டிகிரியில் ஒரு மாதம் என்றால் 1/6 செலவு. ஒரு கேன் 4 மாதம் 30 டிகிரியிலும் 3 மாதம் 35 டிகிரியிலும் இருந்தால் மீதி ஆயுள் எவ்வளவு? 4/12 உடன் 3/6 சேர்ந்தால் 5/6. மிச்சம் 1/6. குளிர்ந்த அறையில், 25 டிகிரியில், அது மூன்று மாதம். தகரக் கொட்டகையில் ஒரே மாதம். கேனில் தேதி ஒன்றுதான், ஆனால் வைத்த இடத்தைப் பொறுத்து அதன் வயது வேறு. ஓடுகிற வண்டியில் திரவம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் இந்தச் சிக்கல் வராது. வேலையில்லாமல் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் தொட்டியில்தான் வரும். ‘அப்போ சும்மா நிக்கிற ரிக் வண்டியில பாக்கணும் சார்’ என்று ஒரு மாணவன் சொன்னான்.

தராசும் ரிஃப்ராக்டோமீட்டரும்

அடுத்தது அளப்பது. இதற்கு இரண்டு பாடவேளையாவது வேண்டும்.

20 டிகிரியில் இந்தத் திரவத்தின் அடர்த்தி ஒரு லிட்டருக்கு 1.087 முதல் 1.093 கிலோகிராம் வரை இருக்க வேண்டும். நடுவில் 1.090 என்று வைத்துக்கொண்டால் 20 லிட்டர் கேனில் 21.8 கிலோ திரவம், அதில் 7 கிலோவுக்குச் சற்று மேல் யூரியா. 100 மி.லி. எடுத்து மின்னணுத் தராசில் வைத்தால் 109 கிராம் காட்ட வேண்டும். தண்ணீர் என்றால் சுமார் 100 கிராம். வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

இப்போது 9 பங்கு திரவத்தோடு 1 பங்கு தண்ணீர் சேர்த்துக் கொடுங்கள். யூரியா 29.5 சதவீதமாக இறங்கிவிடும். தரம் அனுமதிப்பது 31.8 முதல் 33.2 வரை. ஆகவே இது தேறாத திரவம். ஆனால் தராசில் 100 மி.லி. எவ்வளவு காட்டும்? சுமார் 108.1 கிராம். நல்லதற்கும் இதற்கும் ஒரு கிராம்கூட வித்தியாசமில்லை. அளவு உருளையில் ஒரு மி.லி. கூடவோ குறையவோ ஊற்றிவிட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். பிழை என்ற சொல்லை இங்கே அறிமுகப்படுத்தினால் மனத்தில் நிற்கும். 500 மி.லி. எடுத்து எடைபோடலாம், அல்லது ஒப்படர்த்திக் குப்பி இருந்தால் இன்னும் நல்லது என்ற முடிவுக்கு அவர்களே வருவார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடத்தில் படித்த ஹைட்ரோமீட்டர் எனப்படும் திரவமானியையும் பயன்படுத்தலாம். வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். அளவுகோல் 20 டிகிரிக்கானது. மே மாத மதியம் 36 டிகிரியில் அளந்தால் நல்ல திரவமே விரிந்து, அடர்த்தி குறைந்து, தண்ணீர் கலந்ததுபோலக் காட்டும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆறவிட்டு அளப்பது நல்லது.

பட்டறைகளில் பெரும்பாலும் இருப்பது கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணாடிப் பட்டகத்தின்மேல் இரண்டு துளி விட்டு, மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். அந்தக் கோடு 32.5 இல் நின்றால் சரி. பத்தாம் வகுப்பு ‘ஒளியியல்’ பாடம் கைக்குள் வந்த மாதிரி. திரவத்தின் ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்துப் பட்டகத்தின் எல்லைக் கோணம் மாறுகிறது, அந்த எல்லைதான் கோடாகத் தெரிகிறது. நல்ல திரவத்தின் ஒளிவிலகல் எண் 20 டிகிரியில் 1.3814 முதல் 1.3843 வரை.

யூரியா ரிஃப்ராக்டோமீட்டர் கிடைக்கவில்லை என்றால், கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் போதும். கரும்பு அதிகம் விளையும் ஊர்களில் இதைக் கேட்டு வாங்க முடியும். நல்ல திரவம் அதில் ஏறத்தாழ 31 காட்டும். எண் வேறு, ஒளிவிலகல் ஒன்றே.

இந்த 31 தான் எனக்குப் பிடித்த சோதனையின் தொடக்கம். 31 கிராம் சர்க்கரையை 69 கிராம் தண்ணீரில் கரைத்து, எதையும் சொல்லாமல், ‘மாதிரி இ’ என்று சீட்டு ஒட்டி மற்ற மாதிரிகளோடு வைத்துவிடுங்கள். யூரியா ரிஃப்ராக்டோமீட்டரில் அது 32.5 ஐ ஒட்டிக் காட்டும். எங்கள் வகுப்பில் நான்கு குழுக்கள் அதை ‘மிக நல்ல திரவம்’ என்று பதிவேட்டில் எழுதின. பிறகு எறும்பு வந்தது என்பது வேறு கதை! கருவி பொய் சொல்லவில்லை. ஒளி எவ்வளவு வளைகிறது என்று கேட்டோம், சரியாகச் சொன்னது. வளைத்தது யூரியாவா சர்க்கரையா என்று நாம் அதைக் கேட்கவே இல்லை.

அதே மாதிரியைத் திரவமானியில் அளந்தால் குட்டு வெளிப்படும். அந்தச் சர்க்கரைக் கரைசலின் ஒப்படர்த்தி சுமார் 1.13. யூரியாக் கரைசலுக்கு 1.09 தான். இரண்டு கருவிகளும் வெவ்வேறு பண்பை அளப்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது கடினம். ஒரே கருவியில் மூன்று முறை அளப்பதும் வெவ்வேறு கருவிகளில் ஒருமுறை அளப்பதும் ஒன்றல்ல என்பதை இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை.

ஒரு டம்ளர் தண்ணீர்

இரண்டு கருவிகளும் ‘சரி’ என்று சொன்னால் ஊற்றிவிடலாமா? இந்தக் கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். 20 லிட்டர் கேனில் 200 மி.லி., அதாவது ஒரு டம்ளர், குழாய்த் தண்ணீர் கலந்துவிட்டது. யூரியா எத்தனை சதவீதம்? விடை: 32.2. தரத்துக்குள் இருக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டர் ஒப்புக்கொள்ளும். அடர்த்தியும் எல்லைக்குள் இருக்கும்.

இனி கால்சியத்தைப் பார்ப்போம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர அமைவனத்தின் குடிநீர்த் தரம். அந்த அளவுள்ள நல்ல குடிநீரே கலந்ததாக வைத்துக்கொள்வோம். 200 மி.லி. இல் 15 மில்லிகிராம் கால்சியம். அதைச் சுமார் 21.8 கிலோ திரவத்தில் பகிர்ந்தால் கிலோவுக்கு 0.69 மில்லிகிராம். இந்தத் திரவத்தில் அனுமதிக்கப்படும் கால்சியம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் மட்டுமே! நாம் குடிக்கிற தண்ணீர் ஒரு டம்ளர் போதும், கேன் முழுவதும் தரம் தவறிவிடும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வெந்நீர்ப் பானை ஒரே மாதத்தில் வெள்ளையாகிவிடும், அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உலோக அயனிகள் வினைவேகமாற்றியின் பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கின்றன. ஒரு கேனில் ஒன்றும் தெரியாது. இப்படியே மாதக்கணக்கில் போனால் தெரியும்.

பள்ளி ஆய்வகத்தில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் கால்சியத்தை அளக்க நமக்கு வழியில்லை. அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும். இதை மாணவர்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது நல்லது. அளக்க முடியாத ஒன்றை உள்ளே வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி. முத்திரை உடையாத கேன், தெரிந்த கடை, தேதி, நிழல் ஆகிய நான்கையும் சாதாரண அறிவுரைகளாக நினைத்தவர்கள் இந்தக் கணக்குக்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை.

புனலைத் தண்ணீரில் கழுவிவிட்டு ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். சுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள். இதற்குத் தீர்வு மேல்நிலை வகுப்பு ஆய்வகத்திலேயே இருக்கிறது. பியூரெட்டை எதனால் கடைசியாகக் கழுவுவோம்? அதில் எடுக்கப்போகும் கரைசலாலேயே. புனலையும் அப்படியே இந்தத் திரவத்தில் கொஞ்சம் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். டீசலுக்கு வைத்த புனல் கூடவே கூடாது. பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது. திரவம் அவற்றை அரித்து அயனிகளைத் தன்னோடு எடுத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகு அல்லது இதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டும்.

வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்தால் என்ன என்ற கேள்வி எந்த வகுப்பிலும் தவறாமல் வரும். வரட்டும், அதைத் தவிர்க்காதீர்கள். அந்த யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது. நம் நாட்டில் உர யூரியா முழுவதும் 2015 முதல் அப்படித்தான் வருகிறது. உர யூரியாவில் பையூரெட் 1.5 சதவீதம் வரை இருக்கலாம், லாரித் திரவத்திலோ 0.3 சதவீதத்துக்கு மேல் கூடாது. பையூரெட் அதிகமானால் குழாய்க்குள் கெட்டியான படிவு உண்டாகும். இதை 32.5 சதவீதத்துக்குக் கரைத்தால் ரிஃப்ராக்டோமீட்டர் 32.5 என்றே காட்டும் என்பதுதான் வேடிக்கை. விற்பவர் அந்தக் கோட்டைக் காட்டித்தான் விற்பார். தவிர, அது விவசாயிக்கு அரசு மானியத்தில் கொடுக்கும் உரம். அதைத் தொழிலுக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். மூட்டைக்காக வரிசையில் நின்ற தாத்தா வீட்டில் இருக்கிற பிள்ளைகள் இந்த வாதத்தை நம்மைவிட நன்றாகப் பேசுவார்கள்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

மாணவர்களே கரைசல் தயாரித்துப் பார்க்க விரும்பினால் 65 கிராம் யூரியாவை 135 கிராம் வாலைவடிநீரில் கரைக்கச் சொல்லுங்கள். வெப்பநிலைமானியை முன்னதாகவே உள்ளே வைத்துவிடுங்கள். 10 டிகிரிக்கும் மேல் இறங்கும், முகவையின் வெளிப்பக்கம் வியர்க்கும். வெப்பம்கொள் கரைதலை இவ்வளவு எளிதாகக் காட்டும் பொருள் வேறில்லை. இந்தக் கரைசல் வகுப்பறைக்கு மட்டும்தான், எந்த வண்டியிலும் ஊற்றக் கூடாது என்று புட்டியின்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். ‘சார் வகுப்பில் செய்தோம், வீட்டிலும் செய்வோம்’ என்று யாராவது கிளம்பினால் அதன் விலையைத் தரப்போவது அவர்கள் அப்பா.

திரவம் தோலில் பட்டால் தண்ணீரில் கழுவினால் போதும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேசையில் சிந்தினால் உடனே துடையுங்கள், காய்ந்தால் படிகமாகி ஒட்டிக்கொள்ளும். தராசின் தட்டில் சிந்தவே விடாதீர்கள்.

மதிப்பீட்டுக்கு நான் தருவது ஒரே ஓர் அட்டவணைதான். ஐந்து மாதிரிகள்: புதிய திரவம், தண்ணீர் கலந்தது, சர்க்கரைக் கரைசல், ஒரு துளி டீசல் பட்டது, ஒரு டம்ளர் கணக்கில் குழாய்த் தண்ணீர் கலந்தது. எதிரே முகர்தல், பார்த்தல், எடை, திரவமானி, ரிஃப்ராக்டோமீட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் ‘கண்டுபிடிக்கும்’, ‘கண்டுபிடிக்காது’ என்று எழுதிக் காரணமும் சொல்ல வேண்டும். டீசல் பட்டதை எந்தக் கருவியும் இல்லாமல் மேலே மிதக்கும் வானவில் படலமே காட்டிக்கொடுத்துவிடும். கடைசி மாதிரியின் வரிசை முழுவதும் ‘கண்டுபிடிக்காது’ என்று வர வேண்டும். முதல்முறை பெரும்பாலானவர்கள் அந்த வரிசையில் ஏதோ ஒரு கட்டத்தில் ‘கண்டுபிடிக்கும்’ என்று எழுதிவிடுகிறார்கள். எல்லாக் கேள்விக்கும் ஏதாவது ஒரு விடை இருந்தே ஆகவேண்டும் என்ற பழக்கம் அது. திருத்தும்போது சிவப்பு மையில் சுழிக்காமல், அந்தக் கருவியையே கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சோதனை முடிந்து மீதமாகும் திரவத்தைக் கொட்ட வேண்டாம். டீசலும் சர்க்கரையும் கலக்காத மாதிரிகளில் 100 மி.லி. எடுத்தால் அதில் சுமார் 35 கிராம் யூரியா இருக்கும். அதை மூன்றரை லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஒரு சதவீதக் கரைசல். பள்ளித் தோட்டத்தில் வளர்ந்த மரங்களின் வேருக்கு மாலை நேரத்தில் ஊற்றலாம். எத்தனை லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும் என்ற கணக்கை எட்டாம் வகுப்பிடம் விட்டுவிடுங்கள்.